மணலிலே ஒரு பிடிவாதக்காரன்

பிரஷர் குக்கரின் மூடி திறக்கமாட்டேன் என்று அடம் பிடித்த அனுபவம் உங்களுக்குக் கட்டாயம் இருக்கும். புதிதாய்க் குடித்தனம் வந்த பெண் என்ன செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகுவாள். அனுபவசாலியான மாமியார், "ஆவி இன்னும் அடங்கலை, கொஞ்சம் பொறுடியம்மா" என்பாள். இரண்டு நிமிஷம் கழித்துத் தொட்டால் மூடி தானாகவே கழன்று வரும். குக்கரிடம் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே ஒரு சக்தி அடைபட்டுக் கிடந்தது, அவ்வளவுதான்.

இந்தக் குக்கர் தத்துவத்தைப் போன மாதம் பழவேற்காட்டில், ஒரு ஜீப்பின் அடியில் பார்த்தேன். உங்களையும் அங்கே அழைத்துப் போகிறேன். புடவை அழுக்காகிவிடுமே என்று பயப்படாதீர்கள். மசியெல்லாம் என் சட்டையோடு சரி.

நான் போனது என்னவோ பூநாரைகளைப் பார்க்கத்தான். சிலிகாவுக்கு அடுத்தபடி நம் தேசத்திலேயே பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பாதிக்கு மேல் ஆந்திராவில் கிடக்கிறது; தெற்குக் கோடி நம்முடையது. குளிர்காலத்தில் ஆழமில்லாத தண்ணீரில் வெள்ளையும் ரோஜா நிறமுமாய்ப் பூநாரைகள் நிற்கும் காட்சியைப் படம் எடுத்து வருவதாகப் புகைப்பட நண்பரும் நானும் திட்டம் போட்டிருந்தோம். விடிவதற்கு முன்பே கிளம்பி, பொன்னேரி தாண்டி, கடைத்தெருவைக் கடந்து, பாலத்தின் வழியாகக் கலங்கரை விளக்கத்துப் பக்கம் போனோம். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல், நடுவே மணல்திட்டும் குப்பங்களும். தார்ச்சாலை முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது, ஒரு பழைய ஜீப்.

பின்சக்கரங்கள் இரண்டும் பாதி அளவு மணலுக்குள் புதைந்திருந்தன. வண்டி நிறைய ஐஸ் பெட்டிகள். பெட்டிக்குள் இறால். அடியிலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர். பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். குப்பத்தில் அவருக்கு 'ஜீப்பக்கா' என்றே பெயர். நாமும் அப்படியே சொல்லுவோம்.

புருஷன் போன பிறகு, ஏலத்தில் எடுத்த அந்த ஜீப்பை வைத்துக்கொண்டுதான் ஜீப்பக்கா குடும்பத்தை நடத்துகிறார். மோட்டார் சைக்கிளும், 'குட்டி யானை' என்று நாம் சொல்லும் சிறு லாரியும் மணலில் போகாது. கரையில் இறங்கும் இறாலையும் நண்டையும் ஐஸ் போட்டுச் சாலைக்குக் கொண்டு வருவது, வலைகளையும் படகு மோட்டாரையும் கரைக்கு எடுத்துப் போவது, எல்லாம் இந்த ஜீப்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது, பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை இந்த வண்டியில்தான் வெளியே கொண்டு வந்தார்களாம்.

"டவுன்ல காட்டினேனுங்க. டிரான்ஸ்பர் கேஸ் போயிடுச்சு, பொட்டியையே மாத்தணும், நாற்பதாயிரம் ஆகும்னுட்டாங்க" என்றார் ஜீப்பக்கா. சொல்லும்போது அவர் கை தன்னையறியாமல் கழுத்துச் சங்கிலியைத் தொட்டது. பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்கென்று வைத்திருந்த ஒரே சங்கிலி அது. அன்று சாயங்காலம் அதை அடகு வைப்பதாக ஏற்பாடு.

இந்தச் சமயத்தில் குப்பத்துப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மீசை மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது. ஜீப்பக்காவுக்கு மாமா முறை.

"மாமா, நீயே பாரு. பொட்டி போயே போச்சாம்" என்றார் ஜீப்பக்கா.

"யார் சொன்னது? திறந்து பார்த்தானா?"

"திறக்கலை. ஓட்டிப் பார்த்துட்டுச் சொன்னாங்க."

"திறக்காமலே சொன்னானா! பெரிய ஜோசியன்தான்" என்று மேலே ஒன்றும் பேசாமல் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்த டிரான்ஸ்பர் கேஸ் என்பது என்ன பண்டம் என்று சொல்லிவிடுகிறேன். நம் சாதாரணக் காரில் எஞ்சினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகிறது. ஜீப்பில் வேண்டும்போது நான்கு சக்கரங்களுக்கும் போகும். கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது; அதுதான் டிரான்ஸ்பர் கேஸ். பழைய ஜீப்பில் டிரைவர் பக்கத்தில் மூன்று கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பெரியது சாதாரணக் கியர். சின்னவை இரண்டும் இந்தப் பெட்டியைச் சேர்ந்தவை. ஒன்று, முன்சக்கரங்களை வேலைக்குக் கூப்பிடும், அல்லது 'போய் ஓய்வெடு' என்று அனுப்பிவிடும். மற்றொன்று, வேகமா பலமா என்று தீர்மானிக்கும். 'லோ' என்ற இடத்தில் தள்ளினால் வண்டி ஆமை போல நகரும். ஆனால் யானை போல இழுக்கும்.

பெரியவர் இதை எனக்கு விளக்கிய விதம் இன்னும் அழகு. பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சண்டை சச்சரவில்லாமல் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். "தம்பி, இதுவும் பாடு பிரிக்கிற பொட்டிதான். முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுக்குது. பாடு தப்பிப் போச்சுன்னா ஊர்ல என்ன நடக்கும்? சண்டை நடக்கும். வண்டிக்குள்ளேயும் அதேதான்" என்றார்.

பிறகு ஜீப்பை ஓட்டிய பையனைக் கூப்பிட்டார். ஜீப்பக்காவின் அக்காள் மகன், இருபது வயது. கோளாறு என்ன என்று கேட்டதற்கு அவன் மூன்று புகார்கள் சொன்னான்.

"முன்சக்கரத்தைப் போட்டா, மணல்ல இழுக்கும்போது டொக்குன்னு கழண்டு வெளியே வந்துடுது. லோ கியர் விழவே மாட்டேங்குது. தார் ரோட்டுல போனா, போட்டது வெளியே வரமாட்டேங்குது."

போட்டால் நிற்காது; நின்றால் வராது! கேட்பதற்கே முரணாக இருக்கிறதல்லவா? ஆனால் பெரியவர் சிரித்தார்.

"எப்போதிலிருந்து?"

பையன் யோசித்தான். "பொங்கலுக்குப் புது டயர் போட்டோமே, அதுக்கப்புறம்தான்."

"நாலுமா?"

"ரெண்டுதான். முன்னாலே."

"அதாம்மா விஷயம்" என்று ஜீப்பக்காவைப் பார்த்துச் சொன்னார் பெரியவர்.

நேயர்களே, டயருக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நானும் அதையேதான் கேட்டேன். ஈரப் புடவையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு ஏற ஏறப் புடவை கயிறாகிவிடுகிறது. ஜீப்பில் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் டிரான்ஸ்பர் கேஸ் இரும்புத் தண்டுகளால் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்ற வேண்டும். புது டயர் பெரிது. தேய்ந்த டயர் சிறிது. ரப்பர் ஒரு சென்டிமீட்டர் தேய்ந்திருந்தால் டயரின் குறுக்களவு இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு கிலோமீட்டர் போவதற்குள் சிறிய டயர் பெரியதைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று சுற்று அதிகம் சுற்ற விரும்புகிறது! பெட்டியோ, கூடாது என்கிறது.

மணலில் இதனால் கெடுதல் இல்லை. சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரி செய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க முடியாது. முறுக்கு அத்தனையும் தண்டுகளுக்குள்ளே ஏறி, பல்லோடு பல் அழுத்திக்கொண்டு, கியர் இறுகிப்போகும். டயர் நான்கும் ஒரே அளவாக இருந்தாலும் வளைவுகளில் இதே கதைதான். ஏனென்றால் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. ஆகையால்தான், இந்த மாதிரிப் பழைய வண்டிகளைத் தார்ச்சாலையில் நாலு சக்கர இழுவையில் ஓட்டக்கூடாது என்பது சட்டம். இந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் முறுக்கைத் தீர்ப்பதற்கென்றே நடுவில் ஒரு டிபரென்ஷியல் வைத்திருக்கிறார்கள். நம் கிழ ஜீப்பில் அது கிடையாது.

"வெளியே வராட்டி என்ன பண்ணே?" என்றார் பெரியவர்.

பையன் தலையைச் சொறிந்தான். "ஒரு இரும்புப் பைப்பைச் சொருகி இழுத்தேன்."

குக்கர் மூடியைச் சுத்தியலால் அடித்த கதை! செய்ய வேண்டியது என்ன தெரியுமோ? வண்டியை நிறுத்தி, பின்னோக்கி நேராகப் பத்தடி நகர்த்த வேண்டும். புடவையைப் பிழிந்தவர்கள் எதிர்ப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால் முறுக்கு அவிழ்வது போலத் தண்டுகளின் முறுக்கும் அவிழ்ந்துவிடும். அப்போது ஒரு விரலால் தள்ளினாலே கம்பி வரும்.

பையன் பைப்பைப் போட்டு இழுத்ததில் என்ன நடந்தது என்பதை அடுத்தபடி பார்த்தோம். ஐஸ் பெட்டிகளை நாலு பேர் தலையில் ஏற்றித் தார்ச்சாலைக்குக் கொண்டு போய் ஒரு குட்டி யானையில் ஏற்றினார்கள். ஜீப்பைக் கயிறு கட்டிக் கெட்டித் தரைக்கு இழுத்து வந்தார்கள். பெரியவர் முதல் காரியமாகச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னார். அதன் காரணத்தை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். டிரான்ஸ்பர் கேஸ் நடுநிலையில் இருந்தால், பெரிய கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் வண்டி உருளும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறதல்லவா? ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதும் கூடாது.

பிறகு தரைத் தகட்டைக் கழற்றினார். கம்பிகள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் உறை கிழிந்திருந்தது. இரண்டு கம்பிகளும் ஆடும் அச்சில் கிரீஸ் என்ற பொருள் எந்த வருஷம் இருந்ததோ தெரியாது. மணலும் உப்பும் துருவும் சேர்ந்து அடை தட்டியிருந்தன. அச்சை உருவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எமரிக் காகிதத்தால் தேய்த்தார்.

"பாரும்மா. கம்பி முழுசா நகரவே இல்லை. பாதி தூரம் போய் நின்னுடுது. உள்ளே பல்லும் பாதிதான் மாட்டுது. பாதி மாட்டின பல்லு கனத்தை இழுத்தா என்ன ஆகும்? கழண்டு வரும்."

முதல் புகாருக்குக் காரணம் இது. இரண்டாவது புகாரோ இன்னும் வேடிக்கை. பழைய ஜீப்பின் பெட்டிக்குள் ஒரு குட்டிக் காவல்காரன் இருக்கிறான். இரண்டு தண்டுகளுக்கும் நடுவே ஒரு சிறு இரும்புத் துண்டு. முன்சக்கரங்கள் முழுவதும் வேலைக்கு வராமல் 'லோ' கியர் விழ அவன் அனுமதிக்கமாட்டான். அந்தப் பலம் முழுவதும் பின்னச்சின் தலையில் விழுந்து அதை முறித்துவிடக் கூடாதே என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் வைத்த பாதுகாப்பு. முன்கம்பி பாதியில் நின்றதால் காவல்காரன் கதவைத் திறக்கவில்லை. அவன் தன் கடமையைச் செய்தான். நாம் அதைக் கோளாறு என்றோம்!

கடைசியாக ஒரு சின்ன வேலை. கியர் விழுந்த இடத்தில் நிற்பதற்காக, ஒவ்வொரு தண்டின் பள்ளத்திலும் ஒரு குண்டும், அதை அழுத்த ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. வெளிப்பக்கத்துத் திருகைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். முன்சக்கரத்துத் தண்டின் ஸ்பிரிங் துருப்பிடித்து இரண்டு துண்டாகக் கிடந்தது. பெரியவர் அதை ஜீப்பக்காவின் உள்ளங்கையில் வைத்தார். ஒரு கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகள்.

"இதுக்கா மாமா நாற்பதாயிரம்?" என்றார் ஜீப்பக்கா. வேறொன்றும் சொல்லவில்லை.

ஆயிலையும் இறக்கினோம். நல்ல கியர் ஆயில் தேன் போல இருக்க வேண்டும். வந்ததோ பால் அதிகமாகிப்போன காப்பி. முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீரில் இறங்கும்போது ஏரி நீர் உள்ளே புகுந்திருக்கிறது. அந்த ஆயிலைப் பெரியவர் விரலில் தேய்த்து வெயிலில் பார்த்தார். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக இரும்பு வந்தால் பல் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது பெட்டியை இறக்கத்தான் வேண்டும். பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டைக் கையால் பிடித்து ஆட்டியும் பார்த்தார். அதிகமாக ஆடினால் பேரிங் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நல்ல வேளை, செதிலும் இல்லை, ஆட்டமும் இல்லை.

பையன் பொன்னேரிக்குப் போய் ஸ்பிரிங்கும், 90 நம்பர் கியர் ஆயிலும், ரப்பர் உறையும் வாங்கி வருவதற்குள் பூநாரைகளையும் பார்த்துவிட்டு வந்தோம். ஆனால் மனசு என்னவோ ஜீப்பின் அடியிலேயே இருந்தது. இந்த வண்டியின் பூர்வீகத்தை நினைத்துப் பாருங்கள். 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறு வண்டி கேட்க, பான்டம் என்ற கம்பெனி 49 நாளில் மாதிரி செய்து கொடுத்தது. வில்லிஸும் போர்டும் சேர்ந்து யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. 1947-ல் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. அதற்கும் முன்னே போனால், பெட்ரோல் எஞ்சினில் நாலு சக்கரமும் இழுக்கும் முதல் காரை 1903-ல் செய்தவர்கள் ஸ்பைக்கர் என்ற டச்சுக் கம்பெனியார். 1613-ல் இதே பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டிய அதே டச்சுக்காரர்கள் தேசம்தான்! கோட்டை இடிந்துவிட்டது, கல்லறைகள் மட்டும் மிச்சம். யோசனையோ இன்றும் மணலில் இறால் சுமந்துகொண்டிருக்கிறது.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாம் பூட்டியாயிற்று. பெரியவர் பையனை ஓட்டவிடவில்லை. "நீ ஏறும்மா" என்றார்.

"நானா? நான் எப்பவாவதுதானே மாமா..."

"வண்டி யாருது? உன்னுது. கை தெரிஞ்சுக்கட்டும்."

ஜீப்பக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். மணலின் ஓரத்தில் நிறுத்தினார். கிளட்சை மிதித்து, முதல் கம்பியைத் தள்ளினார். 'டக்' என்று ஒரு சத்தம். முழுசாக விழுந்த சத்தம். பிறகு இரண்டாவது கம்பி. காவல்காரன் வழிவிட்டான். ஜீப் அவசரமில்லாமல், முக்கல் முனகல் இல்லாமல், காலையில் புதைந்த அதே குழியைத் தாண்டிப் போயிற்று. குப்பத்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். திரும்பி வந்து, தார் ஆரம்பிக்கும் இடத்தில் நின்று, பின்னோக்கிப் பத்தடி நகர்ந்து, கம்பியை எடுத்தார். வெண்ணெயில் கத்தி போல வந்தது.

செலவு ஆயிரத்துச் சொச்சம். காலை இறாலுக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. ஐஸ் கரைந்து கொஞ்சம் கெட்டும் போயிற்று. அது நஷ்டம்தான். சங்கிலி மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

புறப்படுமுன் பெரியவர் மூன்று கட்டளைகள் போட்டார். கையில் பணம் சேர்ந்ததும் பின்னுக்கும் அதே டயர் இரண்டு வாங்க வேண்டும். அதுவரையிலும் சரி, அதன் பிறகும் சரி, தார்ச்சாலையில் முன்சக்கரத்தைத் தொடவே கூடாது. 'லோ' போடுவதும் எடுப்பதும் வண்டி நின்ற பிறகுதான். ஓட்டத்தில் போட்டால் பல் கரகரவென்று அரைபடும். உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறிய அன்று, அடியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

"குடிக்கிற தண்ணியையா மாமா? நானே குடம் தூக்கிட்டு அலையறேன்" என்றார் ஜீப்பக்கா.

"ஒரு குடம் போதும்மா. அந்தக் கம்பி அச்சு மேலயும் பெட்டி மேலயும் ஊத்து. அப்புறம் மாசம் ஒரு தரம் கிரீஸ்."

ஜீப்பக்கா தலையாட்டினார்.

சகோதரிகளே, உங்களில் பலர் வீட்டில் ஜீப் இராது. ஆனால் பிரிட்ஜும், வாஷிங் மெஷினும், கிரைண்டரும் இருக்கின்றன. ஒரு நாள் யாராவது வந்து பார்த்துவிட்டு, "உள்ளே போயிடுச்சும்மா, மொத்தமா மாத்திடுங்க" என்று சொல்லத்தான் போகிறார்கள். சில சமயம் அது நிஜமாகவும் இருக்கும். ஆனாலும் பணப்பையைத் திறப்பதற்கு முன் பெரியவர் கேட்டதை நாமும் கேட்போம்: எப்போதிலிருந்து? அதற்குச் சற்று முன்னால் என்ன மாற்றினோம்? திறந்து பார்த்தீர்களா?

மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதைக் கவனித்துக் கேளுங்கள். சங்கிலி கழுத்தில் இருப்பதும் இறங்குவதும் அநேகமாக அந்தப் பதிலில்தான் இருக்கிறது.